குடி

தேஜான், பிப்ரவரி. இரவு பதினொன்றே கால்.
இறுக மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள்
ரப்பர் கையுறை வழியே கையை நுழைத்திருக்கிறேன்.
உள்ளே பிராணவாயு இல்லை.
காற்றுப் பட்டால் செத்துப்போகிறவர்களோடுதான்
எனக்கு உத்தியோகம்.

மலம் என்று சொல்ல மாட்டோம் இங்கே.
மாதிரி என்போம்.
குப்பிகளுக்குப் பெயர் கிடையாது; ஆனால்
பதினேழு தக் மான்-கி என்று எனக்குத் தெரியும்,
கும்சான் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர்.
பதினெட்டு அவர் மனைவி போங்-ரியோ.

இருவருக்கும் ஒரே கஷாயம்.
ஆறு வயது ஜின்செங் வேர், அதிமதுரம், இலந்தை.
ஒரே கொதியில் இறக்கி
பைபையாய் அடைத்தது.
முப்பத்தொரு வருஷமாய் ஒரே கிம்ச்சி ஜாடி,
ஒரே சூப்புக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி.

மூன்றாம் வாரம் அவள்
மூச்சு வாங்காமல் மாடி ஏறினாள்.
அவர் சுவரைப் பிடித்தபடி
கீழேயே நின்றார்.

மறுநாள் வைத்தியர் கடையில் சண்டை.
சொத்தை வேரை என் தலையில் கட்டினாயா என்று
சீருடையோடு போய்க் கத்தியிருக்கிறார்.
வைத்தியர் மியொங் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.
துடைத்து முடித்து
எங்கள் ஆய்வக விலாசத்தை எழுதிக் கொடுத்தாராம்.

வேரின் சத்து அப்படியே உடம்பில் ஏறாது.
நான்கு சர்க்கரையைத் தோளில் சுமந்து வரும் அதற்குக்
குடல்சுவர் சட்டென்று வழிவிடாது.
உள்ளே இருக்கிறவர்கள்
ஒவ்வொன்றாய்க் கழற்றித் தின்ன வேண்டும்.
மூன்றைத் தின்று ஒன்றை விட்டால்
மிஞ்சுவதற்கு காம்பவுண்ட் கே என்று பெயர்.
அதுதான் ரத்தத்துக்குப் போகும்.
மருந்தென்று அவர்களுக்குத் தெரியாது.
பசி, அவ்வளவுதான்.
அவர்கள் எச்சில் நமக்கு வைத்தியம்.

குடிப்பவள் நான் என்றிருந்தேன்.
குடி அவர்கள்.
நான் வெறும் வீடு.

திரையில் போங்-ரியோவின் ரத்தம் ஒரு குன்று.
மான்-கியின் கோட்டைப் பார்த்து அவரே சொன்னார்,
நம்ம நெடுஞ்சாலை மாதிரி இருக்கே.
ஏன் என்று கேட்டார்.
போன வருஷம் பல் பிடுங்கியபோது விழுங்கிய மாத்திரைகளா,
பிறந்ததிலிருந்தே அந்தக் குடி அங்கே வரவில்லையா,
தெரியவில்லை என்றேன்.
இந்த வேலையில் நான் அதிகம் சொல்கிற உண்மை அது.

"அவள் வயிற்றிலிருப்பதில் கொஞ்சம்
எனக்கு மாற்றித் தர முடியாதா?"

போங்-ரியோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே,
"இத்தனை வருஷம் என் வயிற்றெரிச்சலைக்
கொட்டிக்கொண்டது போதாதா?"

நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. கதவு வரை போய்ச் சிரித்தார்.

நாற்பதாம் மாதிரி என்னுடையது.
யாரிடமும் சொல்லவில்லை.
வேர்ச்சாறு விட்டு ஒரு பகல், ஓர் இரவு காத்திருந்தேன்.
அப்படியே இருந்தது, நான்கு சர்க்கரையோடு.
மறுபடி செய்தேன்.
நான்கு.

ஒன்பது வருஷமாய் ஒவ்வொரு சுசோக்குக்கும்
அண்ணன் இன்-சோப் அனுப்புகிற சிவப்புப் பெட்டிகள்,
பட்டுத்துணி சுற்றி, தங்க எழுத்தில்.
விலையை நான் கேட்டதில்லை.
கப்பல் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே போனில் கத்துவான்,
குடிச்சியா, எப்படி இருக்கு?
தெம்பா இருக்குண்ணே.
பொய்யில்லை. தெம்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் பையைப் போட்டேன்.
மண் வாசனை, அடியில் மெல்லிய இனிப்பு,
அதற்கும் அடியில் கசப்பு.
கடைசி மடக்கு வரை குடித்தேன்.

இந்த ஊரில் கூரியர்க்காரர்கள் மணி அடிப்பதில்லை.
பெட்டியை வாசலில் வைத்துப்
படம் எடுத்து அனுப்பிவிட்டு
அடுத்த மாடிக்குப் போய்விடுவார்கள்,
உள்ளே ஆள் இருக்கா இல்லையா என்று
பாராமல்.